ஆறாத புண்ணும் ஏறும் வயதும்: முதியோரை நெருங்கும் தோல் புற்றுநோய்

2024-ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டனிலிருந்து வெளிவரும் மருத்துவ இதழ் ஒன்றில், இந்திய டாக்டர்கள் இரண்டு மூதாட்டிகளின் நோய் விவரத்தை எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு வயது 70. மற்றவரும் அந்த வயதை நெருங்கிக் கொண்டிருந்தவர். இருவருக்கும் இடுப்பில் புண். முதலாமவர் அந்தப் புண்ணோடு பதினெட்டு மாதங்களைக் கழித்திருந்தார். சதையில் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்ததில் அது தோல் புற்றுநோய் என்று தெரிய வந்தது. இடுப்பில் ஒரே இடத்தில், ஆண்டுக் கணக்காக, இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவும் சேலை முடிச்சும் உராய்ந்து உராய்ந்து புண்ணாகி, அந்தப் புண் முற்றிய கதை அது.

செய்தி பத்திரிகைகளில் வந்ததும், 'சேலை கட்டினால் புற்றுநோய் வருமா?' என்று பலர் அச்சத்தோடு கேட்டார்கள். டாக்டர்கள் அப்படிச் சொல்லவில்லை. குற்றம் சேலையினுடையது அல்ல, இறுக்கத்தினுடையது. நாடாவைத் தளர்த்திக் கட்டினால், கட்டும் இடத்தைச் சற்று மாற்றிக் கொண்டால் போதும். இந்த வகை நோய் மிகவும் அரிது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் அந்தச் செய்தியில் பலரும் கவனிக்காமல் விட்ட இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று, நோயாளிகளின் வயது. மற்றொன்று, அந்தப் பதினெட்டு மாதங்கள். இந்தியாவில் தோல் புற்றுநோயைப் பற்றிப் பேச வேண்டியதெல்லாம் இந்த இரண்டிலும் அடங்கியிருக்கிறது.

வெள்ளையர் நோயா?

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்று ஓர் எண்ணம் நம்மிடையே இருக்கிறது. இதில் பாதி உண்மை. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் என்ற பொருள், சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நிறுத்துகிறது. கறுத்த தோலில் அது மிகுதி. ஆகவேதான் இந்தியாவில் ஆண்டுதோறும் கண்டுபிடிக்கப்படும் புற்றுநோய்களில் தோல் புற்றுநோயின் பங்கு மிகச் சிறியதாக இருக்கிறது. வாய், மார்பகம், கருப்பை வாய், நுரையீரல் ஆகியவையே இங்கு முன்னால் நிற்பவை.

மறு பாதி உண்மை வேறு. நிறம் வெயிலைத் தடுக்கும். ஆறாத புண்ணைத் தடுக்காது. நச்சு கலந்த தண்ணீரைத் தடுக்காது. தாரையும் கரியையும் தடுக்காது. ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லி, கால் விரல் நகத்தின் அடியில் தோன்றிய தோல் புற்றுநோய் உடலெங்கும் பரவி, 1981-இல் தமது 36-வது வயதில் இறந்தார். அவரைப் போல இளம் வயதில் பாதிக்கப்படுவோர் குறைவு. பெரும்பாலோருக்கு இது முதுமையில் வருகிறது.

பெருகும் முதியோர்

1951-இல் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். இன்று அது 70 ஆண்டுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 10 கோடியே 38 லட்சம். 2022-இல் அது 14 கோடியே 90 லட்சமாக உயர்ந்தது என்று ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 2050-இல் இந்தத் தொகை 34 கோடியே 70 லட்சமாகும் என்றும், அன்று இந்தியரில் ஐந்தில் ஒருவர் முதியவராக இருப்பார் என்றும் அதே அறிக்கை மதிப்பிடுகிறது.

இந்தக் கணக்கின் பொருள் என்ன? லட்சம் முதியோரில் எத்தனை பேருக்குத் தோல் புற்றுநோய் வருகிறது என்ற விகிதம் சற்றும் கூடாவிட்டாலும், நோயாளிகளின் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். நோய் மூர்க்கமாகிவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. நோய் வரக் கூடிய வயது வரை வாழ்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்பதே பொருள். அந்தக் காலத்தில் ஐம்பதில் காசநோயிலோ காலராவிலோ போன மனிதர், இன்று எழுபத்தைந்து வரை இருக்கிறார். முன்பு வெளிப்பட நேரமில்லாமல் போன நோய்களுக்கு இப்போது நேரம் கிடைக்கிறது.

தோல் புற்றுநோய் ஒரே நாளில் வருவதல்ல. தோலில் உள்ள உயிரணுக்களுக்கு ஏற்படும் சேதம் சிறுகச் சிறுகச் சேர்கிறது. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்தே அது புற்றாக வெளிப்படுகிறது. வயதாக ஆக, சேதத்தைப் பழுது பார்க்கும் உடலின் ஆற்றலும் குறைகிறது.

ஆஸ்திரேலியாவின் அனுபவம்

இந்த நீண்ட இடைவெளியை நன்றாகக் காட்டும் நாடு ஆஸ்திரேலியா. உலகிலேயே தோல் புற்றுநோய் மிகுதியாக உள்ள நாடுகளில் அது முதல் வரிசையில் நிற்கிறது. அங்கே மூன்று பேரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. வெளுத்த தோலும் கடும் வெயிலும் சேர்ந்ததன் விளைவு அது.

1981-இல் அங்கே ஒரு பிரசாரம் தொடங்கியது. சட்டை போடு, களிம்பு பூசு, தொப்பி வை என்று சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பலன் உடனே தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகே, 40 வயதுக்கு உட்பட்டவர்களிடம் மெலனோமா என்ற கொடிய வகைத் தோல் புற்றுநோய் குறையத் தொடங்கியது. ஆனால் முதியோரிடம் அது உயர்ந்து வந்தது. காரணம், அவர்கள் பிரசாரத்துக்கு முன்பே வெயிலில் காய்ந்து வளர்ந்தவர்கள். இன்றைய நோயாளியின் நோய், நாற்பது ஆண்டுகளுக்கு முன் அவர் வாழ்ந்த வாழ்க்கையில் தொடங்கியது.

இந்தியாவுக்கும் இதே பாடம் பொருந்தும். ஆனால் இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. இன்றைய இந்திய முதியவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன் என்ன வேலை செய்தார்? எந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தார்? எந்தத் தீக்காயத்தோடு வாழ்ந்தார்?

நம் நாட்டுக் காரணங்கள்

காஷ்மீரில் குளிர்காலத்தில் 'காங்கிரி' என்ற தணல் சட்டியை நீண்ட அங்கிக்குள் வைத்துக் கொள்வது வழக்கம். ஆண்டுக் கணக்கில் அந்தச் சூடு பட்ட தொடையிலும் அடிவயிற்றிலும் முதுமையில் புற்றுநோய் வருவதை, எல்ம்ஸ்லி என்ற டாக்டர் 1866-இலேயே எழுதி வைத்தார். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் கானோல்கர், வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் புற்றுநோயை 1945-இல் விவரித்தார். 2024-இல் வெளியான மூதாட்டிகளின் கதை அதன் தொடர்ச்சியே.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து கங்கைச் சமவெளியில் இருக்கிறது. குளத்து நீரால் வரும் வயிற்று நோய்களைத் தடுக்க, மேற்கு வங்காளத்தில் ஊர்தோறும் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. கிருமி போயிற்று, ஆர்சனிக் வந்தது. மண்ணுக்கு அடியில் இயற்கையாகவே இருந்த இந்த நச்சு தண்ணீரில் கலந்திருந்தது. 1983-இல் கல்கத்தாவில் டாக்டர் கே. சி. சாகா இதனால் பாதிக்கப்பட்ட நோயாளிகளைக் கண்டறிந்தார். நெஞ்சிலும் முதுகிலும் மழைத் துளி தெறித்தது போன்ற புள்ளிகள், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடித்த முடிச்சுகள் என்று நோய் தொடங்கும். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து அந்த முடிச்சுகளே புற்றாகின்றன. 2002-இல் பீகாரின் போஜ்பூர் மாவட்டத்திலும் தண்ணீரில் இந்த நச்சு இருப்பது தெரிய வந்தது. ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறை இப்போது முதுமை எய்தி வருகிறது.

மூன்றாவது காரணம் எல்லா மாநிலங்களுக்கும் பொது. பழைய தீக்காயத் தழும்பு, ஆண்டுக் கணக்கில் ஆறாத காற்புண், எலும்பில் சீழ் வைத்து வடியும் புண், தொழுநோயால் உணர்விழந்த பாதத்தில் வரும் புண் ஆகியவற்றில் சில, காலப் போக்கில் புற்றாக மாறுகின்றன. தீக்காயத் தழும்பில் புற்று தோன்றச் சராசரியாக முப்பது ஆண்டுகள் ஆகலாம். இருபத்தைந்து வயதில் ஸ்டவ் வெடித்துக் காலில் காயம் பட்ட பெண்மணிக்கு அது ஐம்பத்தைந்தில் திரும்ப வாய் திறக்கிறது. 'பழைய புண்தானே' என்று அவர் மஞ்சள் வைத்துக் கட்டுகிறார்.

வெயிலுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. முதியோரின் முகத்தில், மூக்கின் ஓரத்தில், கண்ணின் கீழே வரும் ஒரு வகைப் புற்றுக்கு வெயிலே முக்கியக் காரணம். அது மெதுவாக வளரும். பிற உறுப்புகளுக்குப் பரவுவது அபூர்வம். ஆனால் விட்டுவிட்டால் மூக்கையும் கண் இமையையும் அரித்துவிடும்.

தாரும் சட்டமும்

தொழிலால் வரும் புற்றுநோய் என்று உலகில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டதே தோல் புற்றுநோய்தான். லண்டனில் புகைபோக்கி துடைக்கும் தொழிலாளிகளுக்குக் கரியால் இது வருகிறது என்று பெர்சிவல் பாட் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1775-இல் எழுதினார்.

இந்தியச் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில் நோய்களின் பட்டியல் இருந்தது. தார், கீல், கனிம எண்ணெய் போன்றவற்றால் வரும் தோல் புற்றுநோய் அதில் இடம் பெற்றிருந்தது. வேலையை விட்ட பிறகு நோய் வந்தாலும், அந்த வேலையால் வந்தது என்று நிரூபித்தால் நஷ்ட ஈடு கேட்கலாம் என்றும் அந்தச் சட்டம் கூறியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொழில் நோய்களின் அட்டவணை தொடர்கிறது.

ஆனால் சட்டத்தில் இருப்பது வேறு. கையில் கிடைப்பது வேறு. சாலைக்குத் தார் ஊற்றும் தொழிலாளி இன்று ஒரு காண்டிராக்டரிடமும் அடுத்த ஆண்டு வேறொருவரிடமும் வேலை பார்க்கிறார். மஸ்டர் ரோலில் அவர் பெயர் இருந்ததா என்பதே சந்தேகம். முப்பது ஆண்டுகள் கழித்து முன்கையில் புண் வரும்போது, அவர் சொந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். 'என்ன வேலை பார்த்தீர்கள்?' என்று கேட்கும் டாக்டர் குறைவு. கேட்டாலும் அத்தாட்சி காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. பிழைப்பு தேடி மாநிலம் விட்டு மாநிலம் வந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேலைச் சான்று, ஈ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு ஆகியவற்றை வேலை விட்டதும் கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்துவது நல்லது.

கணக்கில் வராதவர்கள்

நோய் எவ்வளவு என்று தெரிந்தால்தான் திட்டம் தீட்ட முடியும். இந்தியாவில் ஒரு நகரின் மக்கள்தொகை முழுவதற்குமான முதல் புற்றுநோய்ப் பதிவகம் 1963-இல் அன்றைய பம்பாயில்தான் தொடங்கியது. தேசியப் பதிவேட்டுத் திட்டம் 1981-இல் உருவாயிற்று. 2020-இல் வெளியான அதன் அறிக்கைக்குத் தகவல் தந்த 28 பதிவகங்கள், நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 10 சதவீதம் பேரையே உள்ளடக்கியவை. கிராமங்களின் பங்கு அதிலும் குறைவு. பதிவகம் உள்ள நகரிலும், சிறு கிளினிக்கில் வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பாமல் விட்ட கட்டி கணக்கில் வராது. வீட்டிலேயே வைத்தியம் பார்த்து இறந்துபோன பாட்டியும் வர மாட்டார்.

இது இந்தியாவுக்கு மட்டும் உள்ள குறை அல்ல. ஆஸ்திரேலியாவிலேயே மெலனோமா தவிர்ந்த சாதாரண வகைத் தோல் புற்றுகளைப் பெரும்பாலான பதிவகங்கள் எழுதுவதில்லை. ஆகவே, இந்தியாவில் தோல் புற்றுநோய் சொற்பம் என்ற கணக்கை அப்படியே எடுத்துக் கொண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

யாரும் பார்க்காத பாதம்

குடலிலோ ஈரலிலோ வரும் புற்றைக் கண்டுபிடிக்க மிஷின் வேண்டும். தோலில் வருவதற்குக் கண் போதும். அப்படியிருந்தும் இந்தியாவில் நோயாளிகள் தாமதமாகவே வருகிறார்கள். ஏன்?

முதல் காரணம் இடம். இந்தியரிடையே மெலனோமா பெரும்பாலும் முகத்திலோ முதுகிலோ வருவதில்லை. உள்ளங்காலில், குதிகாலில், நகத்தின் அடியில் கறுப்புப் புள்ளியாக வருகிறது. எழுபது வயது மனிதர் குனிந்து தம் உள்ளங்காலைப் பார்ப்பது எப்படி? கண் புரை, முழங்கால் வலி இரண்டும் தடை. சர்க்கரை வியாதியால் காலில் உணர்வு குறைந்திருந்தால் வலியும் தெரியாது. காலாணி என்று ஒருவர் சொல்ல, முள் குத்தியது என்று இன்னொருவர் சொல்ல, மாதங்கள் ஓடும்.

இரண்டாவது காரணம் வெட்கமும் தயக்கமும். இடுப்பிலும் தொடையிலும் வந்த புண்ணை மகனிடம் காட்டத் தாய் தயங்குகிறார். மகன் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வேலை பார்க்கிறான். போனில் 'சவுக்கியமா?' என்று கேட்டால், 'சவுக்கியம்' என்றுதான் பதில் வரும். பிள்ளையின் லீவையும் பணத்தையும் எண்ணிப் பெற்றோர் மறைக்கும் நோய்களில் இதுவும் ஒன்று.

மூன்றாவது காரணம் பயம். புற்றில் கத்தி பட்டால் உடலெங்கும் பரவிவிடும் என்ற நம்பிக்கை ஊர்தோறும் இருக்கிறது. இது தவறு. சோதனைக்காகத் துணுக்கு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. எடுக்காமல் விடுவதால்தான் பரவுகிறது. ஆரம்பத்தில் வந்தால் மரத்துப் போகும் ஊசி போட்டுச் சிறிய கட்டியை வெட்டி எடுத்துவிட்டு, பலரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் முழுக் குணம் கிடைக்கிறது. முற்றிய பிறகு வந்தால் காலையே எடுக்க வேண்டி வரலாம். உயிருக்கும் உறுதி சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது என்ன?

30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கான சோதனையை அரசு நடத்துகிறது. தோல் அதில் இல்லை. நாடெங்கும் தனித் திட்டம் போடும் அளவுக்கு இந்த நோய் இங்கே பெருகிவிடவில்லை என்பது சரியே. ஆனால் தனித் திட்டம் தேவையில்லை. தொழுநோயைக் கண்டுபிடிக்க 2016 முதல் பல மாநிலங்களில் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று தோலைப் பார்க்கிறார்கள். முதியோர் நலத்துக்கென்று தேசியத் திட்டம் ஒன்று 2010-11 முதல் நடக்கிறது. இவற்றோடு ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தால் போதும்: 'ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண் எங்காவது இருக்கிறதா?' ஒரு பார்வையும் சேர வேண்டும்: உள்ளங்கால். இதற்குப் புதிய கருவி வேண்டாம். கொஞ்சம் பயிற்சி போதும். ஆர்சனிக் உள்ள மாவட்டங்களில் மட்டும் இது சடங்காக இல்லாமல் ஆண்டுதோறும் கண்டிப்பாக நடக்க வேண்டும்.

சிகிச்சைச் செலவுக்கு வழி உண்டு. 2024 அக்டோபர் முதல், 70 வயதான எவரும் வருமான வரம்பு இல்லாமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற முடியும். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களும் சேரலாம். ஊரில் வாங்கிய அட்டையைத் திட்டம் நடக்கும் வேறு மாநிலத்திலும் காட்டலாம் என்பது, பெற்றோரைச் சிகிச்சைக்கு அழைத்து வரும் வெளிமாநிலத் தமிழர்களுக்கு முக்கியமானது.

ரயில் சலுகையும் இருக்கிறது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோதும், புற்றுநோயாளிகளுக்கான சலுகை நிற்கவில்லை. சிகிச்சைக்கோ மறு பரிசோதனைக்கோ செல்லும் நோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுச் சலுகை. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் 75 சதவீதம். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையின் சான்றிதழ், அதற்கென்று உள்ள படிவத்தில் இருக்க வேண்டும். இது தெரியாமல் முழுக் கட்டணம் கொடுத்துச் செல்பவர்கள் இன்றும் உண்டு.

மும்பை பரேலில் டாட்டா நினைவு மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில், நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த நோயாளிகள் மூட்டை முடிச்சுகளோடு காத்திருப்பதை அந்தப் பக்கம் போகும் எவரும் பார்க்கலாம். அவர்களில் பலருக்குத் தாமதம் அவர்கள் கையில் இருக்கவில்லை. உள்ளே ஒளிந்து வளர்ந்த நோய் அது. தோல் புற்றுநோய் அப்படி ஒளிவதில்லை. வெளியே நின்று கொண்டு, யாராவது பார்க்க மாட்டார்களா என்று காத்திருக்கிறது.

பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஊருக்குப் போகும் பிள்ளைகள், பெற்றோர் காலில் விழுந்து கும்பிடுவது நம் வழக்கம். எழுந்திருக்கும் முன் அந்தப் பாதங்களை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டால் நல்லது. இடுப்பில், பழைய தழும்பில் ஏதாவது புண் இருக்கிறதா என்று மகளோ மருமகளோ கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஒரு மாதம் கடந்தும் ஆறாத புண், நிறமோ அளவோ மாறும் மச்சம், நகத்தடியில் புதிதாக வந்த கறுப்புக் கோடு ஆகியவற்றில் எது இருந்தாலும், அடுத்த பஸ்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லீவு இரண்டு நாள் கூடினாலும் பாதகமில்லை.